படாத பந்து

கோல் அடிக்கிறவர்களுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. பந்து வலைக்குள் போனதுமே கையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவார்கள். அடித்தது யார் என்பதெல்லாம் அப்புறம். கையைத் தூக்கியவளைத்தான் கூட்டம் பார்க்கும், கேமரா பார்க்கும், கூட ஆடுகிறவர்களும் அவள் மேல்தான் போய் விழுவார்கள். சும்மா நின்றவள் நின்றவள்தான். இதை யாரும் சொல்லித்தருவதில்லை. பசித்த பிள்ளை தட்டை நீட்டுகிற மாதிரி தானாக வந்துவிடும்.

இந்தக் கதையில் வருகிறவள் அதில் கைதேர்ந்தவள். பள்ளிக்கூடப் படிப்பு முடிவதற்குள் நாட்டுக் கால்பந்து அணிக்கு ஆட வந்து, அணியிலேயே வளர்ந்து, அணியிலேயே முப்பது வயதைத் தாண்டியவள். அணியில் அவளுக்கு வைத்திருந்த பெயர் கமிஷன். வேறு யாராவது தூரத்திலிருந்து ஓங்கி அடிப்பார்கள். பந்து வலைக்குப் போகிற வழியில் இவள் முழங்காலிலோ இடுப்பிலோ ஒரு உரசல் உரசிவிட்டுப் போகும். கோல் இவள் கணக்கில். "உழைச்சது நானு, கமிஷன் எடுத்தது அவ" என்று அடித்தவள் புலம்புவாள். எல்லோரும் சிரிப்பார்கள். இவளும் சிரிப்பாள். ஏனென்றால் அதுவரைக்கும் அந்தப் பந்துகள் எல்லாம் உண்மையாகவே இவள் மேல் பட்டிருந்தன. சரியான நேரத்தில் சரியான இடத்தில் நிற்பதும் வேலைதானே. அதற்குத்தான் ஊர் ஊராகப் போய், தெரியாத மொழியில் திட்டு வாங்கி, கணுக்காலில் மிதி வாங்கி இத்தனை வருஷம் ஓடினாள்.

அதே அணியில் பின்னால் நின்று தடுக்கிறவள் ஒருத்தி இருந்தாள். பெயர் பூட்டு. அவளைத் தாண்டி ஒரு பந்து போவது குதிரைக்கொம்பு. இரண்டு பேரும் ஒரே வருஷம் அணிக்கு வந்தவர்கள். வெளியூர் ஆட்டங்களில் ஒரே அறை, ஒரே சோப்பு, ஒருத்தி குறட்டைக்கு இன்னொருத்தி திட்டு. ஒரு விடுமுறைக்குக் கமிஷன் தோழியை வீட்டுக்குக் கூட்டிவந்தாள். ஏசி மெக்கானிக்கான அவளுடைய அண்ணன், வந்தவளைப் பார்த்துவிட்டு நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஏசியைக் கழற்றி மாட்டிக்கொண்டே இருந்தான். அடுத்த வருஷம் பூட்டு அண்ணியாகிவிட்டாள். மைதானத்தில் எப்படிக் கூப்பிட்டாலும் வீட்டில் முறை வைத்துத்தான் கூப்பிட வேண்டும் என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதனால் "அண்ணி" என்று கூப்பிட்டு, "நீ, வா, போ" என்று பேசுகிற ஒரு விநோதம் அந்த வீட்டில் நடந்தது.

பூட்டு இத்தனை வருஷத்தில் நாட்டுக்காக ஒரு கோல் கூடப் போட்டதில்லை. அது அவள் வேலையும் இல்லை. ஆனாலும் ஆசை இல்லாமல் இருக்குமா? "ஒண்ணே ஒண்ணு. அது போதும் எனக்கு. அன்னிக்கே ஷூவைக் கழட்டி வச்சிருவேன்" என்று அறையில் படுத்துக்கொண்டு சொல்வாள். கமிஷன் உடனே, "அதுக்கு நீ நடுக்கோட்டைத் தாண்டணும் அண்ணி. உனக்கு விசா வாங்கணும்" என்பாள்.

அந்தக் கடைசித் தகுதி ஆட்டத்துக்குப் போகும்போது கமிஷனின் நிலைமை சரியில்லை. எட்டு மாதமாகக் கோல் விழவில்லை. இன்னும் ஒன்று போட்டால் இந்த நாட்டிலேயே அதிகக் கோல் போட்ட பெண் அவள்தான். அந்த ஒன்று கண்ணாமூச்சி காட்டிக்கொண்டிருந்தது. கம்பத்தில் பட்டது, கோல்கீப்பர் நகத்தில் பட்டது, காலியாகத் திறந்துகிடந்த வலைக்கு மேலேயும் போனது. கோச் இவளைத் திட்டுவதை நிறுத்திவிட்டார். திட்டு நின்றால் பெட்டியைக் கட்டச் சொல்லப்போகிறார்கள் என்று அர்த்தம். மாற்று ஆட்கள் பெஞ்சில் இவளைவிடப் பத்து வயது சின்னவள் ஒருத்தி கால் ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வெளிநாட்டு மைதானம். சின்ன மைதானம்தான். நடுக்கோட்டுக்கு நேரே ஒரு இரும்புக் கோபுரம், அதன்மேல் ஒரே ஒரு கேமரா. வீடியோ பார்த்துத் தீர்ப்பு சொல்கிற வசதியெல்லாம் அங்கே கிடையாது. ஜெயித்தால் பெரிய போட்டிக்குப் போகலாம், இல்லையென்றால் வீட்டுக்குப் போகலாம். கடைசி நிமிஷம் வரைக்கும் இரண்டு பக்கமும் பூஜ்யம். கடைசியில், மூலையிலிருந்து பந்தை உள்ளே அடிக்க ஒரு கார்னர் கிடைத்தது. கோச் தொண்டை கிழியக் கத்தி எல்லோரையும் முன்னால் அனுப்பினார். பூட்டும் வந்தாள். வந்தவள் கமிஷனைத் தாண்டும்போது, "விசா வந்திருச்சுடீ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பந்து வந்தது. பூட்டு எல்லோருக்கும் மேலே எழும்பி நெற்றியால் ஓங்கி முட்டினாள். கமிஷன் வலைக்கு முன்னால் நின்றிருந்தாள். தன்னை நோக்கி வருகிற பந்துக்குக் கழுத்தை நீட்டினாள். பந்து காதுக்கு ஒரு சாண் தள்ளிப் போனது. காற்று மட்டும்தான் பட்டது. பந்து ஒரு முறை தரையில் குத்தி, கம்பத்தின் உள்பக்கமாக வலைக்குள் போய் விழுந்தது.

கமிஷன் கையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

யோசித்தெல்லாம் ஓடவில்லை. அது உண்மை. கால் தானாக ஓடியது, கை தானாக எழும்பியது, வாய் தானாகக் கத்தியது. மூலைக் கொடியருகே போய் விழுந்தாள். மொத்த அணியும் அவள் மேல் விழுந்தது. யாரோ அழுதார்கள், யாரோ அவள் தலையில் முத்தம் கொடுத்தார்கள், "ரெக்கார்டுடீ, ரெக்கார்டு" என்று யாரோ காதுக்குள் கத்தினார்கள். மூச்சுத் திணறிக்கொண்டு அந்தக் குவியலுக்கு அடியிலிருந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. அங்கே, வலைக்கு முன்னால், பூட்டு புல்லில் கிடந்தாள். முட்டிவிட்டு இறங்கும்போது ஒற்றைக்காலில் இறங்கியிருக்கிறாள். முழங்கால் திரும்பிவிட்டது. இரண்டு கையாலும் காலைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி கிடந்தாள். கோல் போட்டவள் தரையில் கிடக்க, அவளுடைய அணி மொத்தமும் முதுகைக் காட்டிக்கொண்டு வேறு ஒருத்தியைக் கொண்டாடிக்கொண்டிருந்தது.

அதோடு போயிருந்தால்கூட மன்னிக்கலாம். பழக்கதோஷம், ஓடிவிட்டாள் என்று விட்டுவிடலாம். ஆனால் உடை மாற்றும் அறையில் அவளுக்கு இன்னொரு வாய்ப்பு வந்தது. அந்த வாய்ப்பைப் பற்றித்தான் பின்னால் அவளால் நினைக்கவே முடியாமல் போனது.

ஆட்டம் முடிந்து, பாட்டும் கூத்துமாக இருந்த அறைக்குள் ஆட்டப் பதிவு அதிகாரி வந்தார். ஒடிசலான மனிதர், கழுத்தில் அட்டை, முகத்தில் அவசரம். கோபுரத்துக் கேமராவில் தலைகள்தான் தெரிகின்றன, பந்து யார் மேல் கடைசியாகப் பட்டது என்று தெரியவில்லை என்றார். சாயங்காலத்துக்குள் அறிக்கையை மூடியாக வேண்டும், அதற்குப் பிறகு ஆண்டவனே வந்து சொன்னாலும் மாற்ற முடியாது என்றும் சொன்னார். மேஜைமேல் முழங்காலைச் சுற்றி ஐஸ் கட்டிக்கொண்டு படுத்திருந்த பூட்டிடம் போனார்.

"நீங்கதான முட்டினீங்க? கோல் உங்களுதா?"

பூட்டு தலையைத் திருப்பிக் கமிஷனைப் பார்த்தாள். வலியில் உதடெல்லாம் வெளுத்திருந்தது. ஆனாலும் கண்ணில் ஒரு சின்னச் சிரிப்பு இருந்தது. நம்பிக்கை உள்ளவர்கள் மட்டும் சிரிக்கிற சிரிப்பு.

"பக்கத்துல நின்னது அவதான். அவளுக்குத்தான் தெரியும்" என்றாள்.

"என் மேல படல சார்" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு கொட்டாவி விடுகிற நேரம்கூட ஆகாது. கமிஷன் கோச்சைப் பார்த்தாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்த சின்னவளைப் பார்த்தாள். எட்டு மாதத்தைப் பார்த்தாள்.

"முடியில லேசா பட்டுச்சு" என்றாள்.

அறையே சிரித்தது. "கமிஷன் எடுத்துட்டாடீ!" என்று கத்தினார்கள். அதிகாரி குறித்துக்கொண்டு போய்விட்டார். பூட்டு பக்கத்தில் கிடந்த துண்டை எடுத்து முகத்தின்மேல் போட்டுக்கொண்டாள். கால் வலி என்று எல்லோரும் நினைத்தார்கள்.

அதற்கப்புறம் எல்லாமே கமிஷனுக்கு நன்றாகத்தான் நடந்தது. நன்றாக நடக்க நடக்கத்தான் அவளுக்குக் குமட்டியது. கோச் மறுபடி திட்ட ஆரம்பித்தார். வெளிநாட்டு கிளப் ஒன்று கூப்பிட்டது. ஷூ கம்பெனி ஒன்று அவளை வைத்து விளம்பரம் எடுத்தது. தெருவில் பெண் பிள்ளைகள் ஓடிவந்து கையெழுத்து கேட்டார்கள். அவர்களிடம் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போடும்போது, திருட்டுச் செயினைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கல்யாண வீட்டுக்குப் போனவளைப்போல உள்ளுக்குள் கூசியது.

வீட்டிலோ இன்னும் மோசம். அந்தக் கோலுக்கு மறுநாள் பேப்பரில் வந்த புகைப்படத்தை அண்ணன் ஆளுயரத்துக்குப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு, கூடத்தில் மாட்டியிருந்தான். கையை விரித்துக்கொண்டு, வாயெல்லாம் பல்லாகக் கமிஷன் ஓடிவருகிறாள். படத்தின் ஓரத்தில், பின்னால், புல்லில் இரண்டு கால்கள் கிடந்தன. ஒரு காலுறை கணுக்கால் வரை இறங்கியிருந்தது. தன் தங்கையைப் பார்த்து வியந்த அவசரத்தில், அந்தக் கால்கள் தன் பெண்டாட்டியின் கால்கள் என்று அண்ணன் கவனிக்கவே இல்லை. கமிஷன் கூடத்தைக் கடக்கும்போதெல்லாம் மற்றப் பக்கம் பார்த்துக்கொண்டு நடந்தாள். பூட்டு சோபாவில் காலை நீட்டி, நேர் எதிரே உட்கார்ந்து டிவி பார்த்தாள். படத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வருகிறவர்களுக்கெல்லாம் அம்மா படத்தைக் காட்டினாள். அம்மா கெட்டவள் இல்லை. ஆனால் பெருமை வந்துவிட்டால் வாய்க்கும் மூளைக்கும் நடுவில் இருக்கிற கதவு திறந்துகொள்ளும். ஒரு நாள் சொந்தக்காரர்கள் கூடம் நிறைய உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "என் பொண்ணு எத்தனை கோலு! மருமகளும் கூடவேதான் ஆடினா. இத்தனை வருஷத்துல பேருக்கு ஒண்ணு போட்டிருக்கக் கூடாதா?" என்றாள்.

கமிஷன் கையிலிருந்த சோற்றை அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். இப்போது சொல்லிவிடலாம். வாயைத் திறந்தால் போதும்.

"என் வேலை கோல் போடறதில்லை அத்தை. போட விடாம பாத்துக்கறது" என்றாள் பூட்டு. எல்லோரும் சிரித்தார்கள். கமிஷனும் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகத் தன்னைத் தானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய், குழாயைத் திறந்துவிட்டுக் கழுவின தட்டையே மறுபடி மறுபடி கழுவினாள்.

முழங்கால் ஆபரேஷன் முடிந்து சில மாதங்கள் கழித்து அண்ணியை டாக்டரிடம் இவள்தான் கூட்டிப்போனாள். டாக்டர் காலை மடக்கி, நீட்டி, அப்படியும் இப்படியும் அசைத்துப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்த விதத்திலேயே இருவருக்கும் புரிந்துவிட்டது.

"நடக்கலாம், மாடிப்படி ஏறலாம், வண்டி ஓட்டலாம். ஆட்டம் மட்டும் இனி வேண்டாம்மா."

பூட்டு தலையாட்டினாள். சங்கடத்தைக் கலைப்பதற்காக அந்த மனிதர், "கடைசி மேட்ச்ல கோல் கீல் ஏதாவது போட்டீங்களா?" என்று கேட்டார்.

"பக்கம் வரைக்கும் போனேன் டாக்டர்" என்று பூட்டு சிரித்தாள்.

கமிஷனுக்குக் காது இரண்டும் சுட்டது. தரையில் பதித்திருந்த சதுரக் கற்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். இவளுக்காவது அடுத்த ஆட்டம் இருக்கிறது, அதற்கடுத்த ஆட்டம் இருக்கிறது. அண்ணிக்கு இருந்தது அந்த ஒன்றே ஒன்று. இனி இன்னொன்று வரவே வராது. அதைத்தான் இவள் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டிருக்கிறாள். முதன்முறையாக அவளுக்குத் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. அன்றைக்கே முடிவு செய்தாள், பாராட்டு விழாவில் எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று.

கால்பந்துச் சங்கம் ரெக்கார்டுக்காக ஏற்பாடு செய்திருந்த விழா அது. அதற்கு முன்னால் அண்ணியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். காரில் திரும்பி வரும்போது பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அடுப்படியில், மொட்டை மாடியில், ஆஸ்பத்திரி வராந்தாவில், எத்தனையோ தடவை இரண்டு பேரும் தனியாக இருந்தார்கள். சொல்லவில்லை. அண்ணி வேண்டாம் என்று தடுத்துவிடுவாள் என்று தனக்குத் தானே காரணம் சொல்லிக்கொண்டாள். காரணம் அது இல்லை. நாலு சுவருக்குள் அந்த முகத்தைப் பார்த்து "நான் திருடினேன்" என்று சொல்ல அவளுக்குத் தைரியம் இல்லை. தவிர, கூட்டத்துக்கு முன்னாலேயே வாழ்ந்தவள் அவள். கோல் அடிக்கவும் ஆள் கூட்டம் வேண்டும், குற்றத்தை ஒத்துக்கொள்ளவும் ஆள் கூட்டம் வேண்டியிருந்தது.

விழா மண்டபத்தில் ஏசி குளிர் நடுக்கியது. மேடையில் பூங்கொத்து, பளபளவென்று ஒரு கோப்பை, பின்னால் திரையில் அந்தப் புகைப்படம். முன்வரிசையில் அம்மா, அண்ணன், ஊன்றுகோலை நாற்காலியில் சாய்த்து வைத்துக்கொண்டு அண்ணி. சங்கத் தலைவர் பேசினார், பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். பிறகு கோப்பையை அவள் கையில் கொடுத்து மைக்கை அவள் பக்கம் தள்ளினார்.

"இந்தக் கோப்பை எனக்குச் சேராது" என்றாள் கமிஷன். "அந்தக் கடைசி கோல் நான் போட்டதில்லை. பந்து என் மேல படவே இல்லை. அது என் அண்ணி போட்ட கோல். நான் பொய் சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டாள். நெஞ்சிலிருந்து பாறை இறங்கின மாதிரி இருந்தது. காறித் துப்பட்டும், கத்தட்டும், கோப்பையைப் பிடுங்கட்டும் என்று தலை குனிந்து நின்றாள். வாங்கவேண்டிய அடியை வாங்கிவிட்டால் போதும் அவளுக்கு.

பின்வரிசையில் ஒருத்தர் கை தட்டினார். அடுத்தது இன்னொருத்தர். பிறகு மண்டபம் முழுக்க எழுந்து நின்று தட்டியது.

சங்கத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே மைக்கை வாங்கினார். "பாத்தீங்களா, பாத்தீங்களா! இதுதாங்க பெரிய மனசு. அடிபட்டு ஆட்டத்தையே விட்டுட்ட அண்ணிக்காக, தன்னோட ரெக்கார்டு கோலையே தூக்கிக் குடுக்கறாங்க!"

"இல்ல சார், நிஜமாவே என் மேல படல" என்றாள் கமிஷன்.

"அடக்கத்தைப் பாருங்க!" என்றார் தலைவர். கைதட்டல் இரண்டு மடங்கானது.

அவள் தலைவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "சார், ரெக்கார்டை மாத்துங்க" என்று கெஞ்சினாள். அவர் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்து, மைக்குக்குக் கேட்காமல், "அறிக்கை எல்லாம் அன்னிக்கே மூடியாச்சும்மா, ரெக்கார்டு உன்னோடதுதான், ஒண்ணும் ஆகாது, பயப்படாதே" என்று ரகசியமாக ஆறுதல் சொன்னார். பிறகு திரும்பவும் மைக்கில், "அண்ணி மேடைக்கு வரணும்!" என்றார்.

பூட்டு எழுந்தாள். ஊன்றுகோலை ஊன்றி, படியில் ஒவ்வொரு காலாக வைத்து ஏறினாள். ஏறி முடிக்கும்வரைக்கும் மண்டபம் கை தட்டிக்கொண்டே இருந்தது. பாவம், பாவம் என்று தட்டுகிற தட்டு. அதில் வித்தியாசம் தெரியாதவளா அவள்? பத்தாயிரம் பேர் தன்னைத் திட்டிக் கத்தும்போது அசையாமல் நின்று பந்தை எடுத்தவள், இப்போது எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கோப்பையைப் பார்த்தாள். கமிஷன் கையாலேயே கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்தாள். கேமராக்கள் மின்னின. இன்னும் கொஞ்சம் சிரிங்க என்று புகைப்படக்காரர் சொன்னார். பூட்டு சிரித்தாள். கீழே அம்மா அழுதுகொண்டே பக்கத்தில் இருந்தவரிடம், "மனசைப் பாருங்க, என் பொண்ணு மனசைப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அண்ணன் தங்கையைப் பார்த்துக் கும்பிட்டான்.

அப்போதுதான் கமிஷனுக்குத் தான் என்ன செய்துவிட்டோம் என்று உறைத்தது.

அம்மாவும் அண்ணனும் சொந்தக்காரர்களோடு வேறு வண்டியில் கிளம்பினார்கள். கால் நீட்ட இடம் வேண்டும் என்று பூட்டு கமிஷனின் காரில் பின்சீட்டில் உட்கார்ந்தாள். கோப்பை அவள் பக்கத்தில் இருந்தது.

"மன்னிச்சிரு அண்ணி" என்றாள் கமிஷன், சாலையைப் பார்த்தபடி. "உன்னோடதை உனக்கே திருப்பிக் குடுத்துரணும்னுதான்..."

"அது எனக்குத் திரும்ப வந்துச்சுன்னா நினைக்கற?"

கமிஷன் மேலே இருந்த கண்ணாடியில் பின்சீட்டைப் பார்த்தாள்.

"அந்த ஆளு கேட்டான் இல்ல, அன்னிக்கு. நான் சொல்லியிருப்பேன், என்னோடதுன்னு. எனக்குத் தெரியாதா நான் முட்டின பந்து எங்க போச்சுன்னு? ஆனா நீ சொல்லணும்னு இருந்துச்சு. நீ வாயால சொல்லி எனக்குக் கேக்கணும்னு ஆசை. பைத்தியக்காரி மாதிரி விட்டுட்டேன்." பூட்டின் குரல் உயரவில்லை. "அன்னிக்கு நீ சொல்லியிருந்தா அது நான் போட்ட கோல்டீ. இன்னிக்கு அது நீ எனக்குப் போட்ட பிச்சை."

"அய்யோ அண்ணி, அப்படிச் சொல்லாதே."

"ஊரே எந்திரிச்சு நின்னு தட்டுச்சே, பாத்தியா? நொண்டிக்குத் தட்டினாங்க. ஒருத்தன்கூட நான் அடிச்சேன்னு நம்பல. இத்தனை மாசமா எனக்காவது தெரியும், உனக்காவது தெரியும், அது என்னோடதுன்னு. அதையாச்சும் வச்சுக்கிட்டிருந்தேன். இப்ப அதுவும் ஒரு கதை ஆயிருச்சு. நாத்தனாருக்கு எவ்வளவு பெரிய மனசுங்கற கதை."

கமிஷனுக்குக் கண் மறைத்தது. வண்டியைச் சரியாக ஓட்டுவதே பெரும்பாடாக இருந்தது. "நான் என்ன செய்யணும்? சொல்லு. என்ன வேணாலும் செய்யறேன். பேப்பர்காரங்களக் கூப்பிடறேன், டிவில சொல்றேன்."

"சொல்லச் சொல்ல உன்னைத்தான் தூக்கி வச்சுப்பாங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு செய். இனிமே யாராவது கேட்டா உன்னோட கோல்னே சொல்லு."

"அண்ணி..."

"பாவப்பட்டுக் குடுத்ததை வாங்கி வச்சுக்கிட்டவன்னு எனக்குப் பேரு வேண்டாம். கோலே போடாதவன்னு சொல்லட்டும். அது எனக்குப் பழக்கம்தான். தலை நிமிந்து இருந்துருவேன்."

பெட்ரோல் முள் சிவப்பில் இருந்தது. கமிஷன் வழியில் இருந்த பங்க்கில் வண்டியைத் திருப்பி நிறுத்தினாள். பெட்ரோல் போடுகிற பெண் குழாயை மாட்டிவிட்டு ஜன்னல் பக்கம் குனிந்தவள், முகத்தைப் பார்த்ததும் வாயைப் பிளந்தாள். விழாவை டிவியில் நேரடியாகக் காட்டியிருக்கிறார்கள். உள்ளே ஒரு அறையில் டிவி ஓடிக்கொண்டிருப்பது இங்கிருந்தே தெரிந்தது.

"மேடம், நீங்களா! இப்பதான் பாத்தோம், எல்லாரும் அழுதுட்டோம்." பின்சீட்டைப் பார்த்து, "அண்ணிங்களா? வணக்கம்ங்க" என்றாள். பிறகு ஆவலை அடக்க முடியாமல், ரகசியம் கேட்பதுபோல இன்னும் குனிந்தாள். "தப்பா நினைக்காதீங்க மேடம். நிஜமாவே அது யாரு போட்ட கோலு?"

பூட்டு மற்ற ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். காற்றடிக்கிற இடத்தில் ஒருவன் சைக்கிளைத் தூக்கி நிறுத்திக்கொண்டிருந்தான். அதைத்தான் பார்த்தாளோ என்னவோ.

கமிஷன் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"என்னோடதுதான்" என்றாள்.

"நான் அப்பவே சொன்னேன்!" என்று அந்தப் பெண் கையைத் தட்டினாள். "உள்ள எல்லார்கிட்டயும் பந்தயமே கட்டினேன். அப்பறம் எதுக்கு மேடம் அப்படிச் சொன்னீங்க?"

"அண்ணி ஆச்சே" என்றாள் கமிஷன்.

"உங்க மாதிரி மனசு யாருக்கும் வராது மேடம்" என்று சொல்லிவிட்டு, அவள் ஒரு துணியை எடுத்து, கேட்காமலேயே கார்க் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். கமிஷன் அவள் துடைத்து முடிக்கும்வரை சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தாள்.